டிரெய்லருக்குப் பின்னால் நின்ற அப்பா

டீசல் வாடையும் வெட்டின கரும்பு வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும்... ஸ்டீயரிங் எங்கே என்று தேடும்!

சிரிக்காதீர்கள் மக்களே. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் கரும்பு டிராக்டர் ஓட்டிய ஆள் நான்.

எங்களுக்குச் சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. கள்ளக்குறிச்சி பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெரிய விவசாயி ஒருவரின் டிராக்டருக்கு அப்பா டிரைவர். அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் வயலில் என்னை சீட்டில் உட்கார வைத்து அவரே கற்றுக்கொடுத்தார். முன்னால் ஓட்டுவது சீக்கிரம் வந்துவிட்டது. டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பதுதான் உயிரை வாங்கியது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடது பக்கம் போகும். ஒரு கட்டத்தில் கோணிக்கொண்டு நின்றுவிடும். எனக்கு அழுகையே வரும்.

அப்பா ஒருநாளும் கத்தியதில்லை.

"கோணிக்கிச்சின்னா அதோட மல்லுக்கட்டாத கண்ணு. கொஞ்சம் முன்ன போ... நேராக்கிக்கினு திரும்ப வா."

அந்த லீவில்தான் ஒருநாள் கல்வராயன் மலை மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வயலில் வெட்டிப்போட்ட கரும்பு கட்டுக் கட்டாகக் கிடந்தது. மழைக்குள் ஏற்றி வெளியே கொண்டு வராவிட்டால் அந்தக் களிமண்ணில் வண்டி இறங்கவே முடியாது. கரும்பு அங்கேயே கிடந்து வீணாகும்.

அப்பாவுக்கோ முதல் நாள்தான் இடது பாதத்தில் கரும்புக் கட்டை குத்தியிருந்தது. பெரிய கட்டு. கிளட்ச் மிதிக்க முடியாது. வருகிறேன் என்ற மாற்று டிரைவர் சின்னசேலத்திலிருந்து வந்து சேரவில்லை.

"எம் பொண்ணு வண்டி வுடுவா மொதலாளி" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாப்பா, வெளையாடறியா? ரெண்டு பக்கமும் வாய்க்காலு. உள்ள எறக்கிட்டா யாரு தூக்கறது?" என்றார் முதலாளி.

அவர் சொன்னதும் நியாயம்தான். வயலுக்குப் போகும் பாதை வண்டி அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. உள்ளே திருப்ப இடமில்லை, அதனால் ரிவர்ஸிலேயே போயாக வேண்டும். இறக்கிவிட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடும்.

"எறக்க மாட்டா. நானு பின்னாலயே நிக்கிறன்."

சொல்லிவிட்டு, கம்பை ஊன்றி நொண்டிக்கொண்டே போய்ப் பாதை முடிகிற இடத்தில் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். டிரெய்லர் வரும் வழிக்கு நேரே!

"அந்தக் கால வச்சிக்கினு ஓட முடியுமாய்யா ஒன்னால?" என்று முதலாளி கத்தினார்.

"இன்னாத்துக்கு ஓடணும்?"

அவ்வளவுதான் மக்களே. கரும்பு வெட்டுகிறவர்கள் எல்லாரும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ரிவர்ஸ் கியர் போட்டுத் திரும்பிப் பார்த்தேன். காலி டிரெய்லருக்கு மேலாக அந்தச் சிவப்புத் துண்டு தெரிந்தது.

"வா... வா... வா..."

பாதி தூரத்தில் கோணிவிட்டது! டிரெய்லர் சக்கரம் கரையை உரச, மண்கட்டி ஒன்று தொபுக்கென்று வாய்க்காலில் விழுந்தது. முதலாளி தலையில் கை வைத்துவிட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை, நகரவும் இல்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

கொஞ்சம் முன்னால் போனேன். நேராக்கிக்கொண்டு திரும்ப வந்தேன்.

"வா... வா... வா... போதும்!"

கை நீட்டினால் தொடும் தூரத்தில் டிரெய்லர் நின்றது. ஒரே விசில் சத்தம்! அப்பா அதன் பின்பலகையைத் தட்டிக்கொடுத்தார், உழவு முடிந்த மாட்டைத் தட்டுகிற மாதிரி.

சரசரவென்று கரும்பு ஏற்றி, முன்சக்கரம் தார் ரோட்டில் ஏறவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. மட்கார்டில் உட்கார்ந்திருந்த அப்பா நனைந்துகொண்டே சிரித்தார். "நாளைக்கும் வருமா ஒம் பொண்ணு?" என்று கேட்டது யார் தெரியுமா? அதே முதலாளி!

பிறகு வேலைக்கான பரீட்சையில் கோட்டை விட்டு அழுத அன்றும் அப்பா அதே வார்த்தையைத்தான் சொன்னார். கொஞ்சம் முன்ன போ, நேராக்கிக்கினு வா. வந்தேன், வேலையும் கிடைத்தது.

இப்போது கார் வைத்திருக்கிறேன். ரிவர்ஸ் போட்டால் ஸ்கிரீனில் பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, பீப் பீப் சத்தம்... போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் திருக்கோவிலூர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சின்னச் சந்து, ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும். கியரைப் போடுவதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"அப்பா, கேமரா இருக்குதுப்பா. ஏறுங்க."

"காட்டும். அது பின்னால நிக்குமா?"

முழங்கால் வலியோடு மெல்ல நடந்து பின்னால் போய் நின்றார். நான் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"வா... வா... வா... போதும்!"