திரையெழுத்தை வாசிக்கப் போனேன்

பேசாத படங்கள் ஓடிய காலம். திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழில் உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் எழுத்து வேலை பார்த்த கிராணி நான். பட்டறை ஆட்கள் படத்துக்குப் போனால் எனக்கும் டிக்கெட் எடுத்து நடுவில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்தக் கொலைப் படத்தை இங்கிலீஷ் பத்திரிகை வானளாவப் புகழ்ந்திருந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை. கொன்றவன் பணக்காரன், மாட்டிக்கொண்டவன் மூட்டை தூக்குகிறவன். இதில் என்ன பெரிய கலை வாழுகிறது என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சுவர் அகலத்துக்கு அந்த ஏழையின் முகம் விரிந்தபோது வாயடைத்துப் போனேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் பக்கத்தில் பட்டறையில் சம்மட்டி அடிப்பவர் இருந்தார். கேரி தீவுத் தோட்டத்தில் கங்காணியை வெட்டிக் கொன்றான் என்று அவர் தம்பியைப் பிடித்து அடைத்திருந்தார்கள். அன்று தம்பி தன்னோடுதான் இருந்தான் என்று சொல்லிச் சொல்லி இவருக்குத் தொண்டை வற்றிவிட்டது. கோர்ட்டு எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கே வந்திருந்தார்.

நீதிபதி வாயசைத்தார். தூக்கு என்று எழுத்து வந்தது. "விடுதலை!" என்று கத்தினேன். கொட்டகையில் பாதிப் பேர் கைதட்டினார்கள்.

அவர் தட்டவில்லை. "பொய் சொல்லாதீங்க கிராணியாரே. அவன் மூஞ்சியப் பாத்தேன். தூக்குதானே?"

எனக்குக் கூசிவிட்டது. "ஆமாம்."

"அப்ப அதையே சொல்லுங்க. எனக்காக மாத்த வேணாம்."

அடுத்த காட்சியில் தூக்குமரம் வந்ததும் கைதட்டியவர்கள் என்னைக் கண்டபடி திட்டினார்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை. ஓர் எழுத்தும் தெரியாத மனிதர் ஒரு முகத்திலிருந்து தீர்ப்பைப் படித்துவிட்டாரே என்ற பிரமிப்பில் இருந்தேன். படம் முடியும்வரை திரையைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தேன்.

சில வாரம் கழித்து அவர் தம்பியின் வக்கீலிடமிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. உலையடியிலிருந்து கரிக்கையோடு வந்து நீட்டினார்.

"உள்ளத உள்ளபடி படிங்க."

பிரித்தேன். கண் வரி வரியாகக் கீழே ஓடியது. அவர் கடிதத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறப்பதற்குள் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"எப்ப வர்றானாம்?" என்றார்.