அடிக்குப் போன துளி

லேக் கார்டன்ஸில் இட்லி மாவு விற்கும் அமலா, மாவு பொங்கிவிட்டதா என்று அறியத் தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்ப்பார். மிதந்தால் சரி. தெரு கிளப்பின் ரத்ததான முகாமில் இது தலைகீழ். நீலக் கரைசலில் விடும் ரத்தத் துளி மூழ்க வேண்டும். இரண்டு வருடங்களாக அவருடையது மிதந்தது. இரும்புச்சத்து போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முகாமுக்கு வந்தவர்களுக்கு இட்லி அவித்துக் கொடுப்பதோடு சரி.

"பௌதி, இந்தத் தடவையும் எங்களுக்கு இட்லி மட்டும்தானா?" என்று வங்காளியில் அண்ணி முறை வைத்துக் கேலி செய்வார் கிளப் செயலாளர் துலால். கணவர் கிரிதரின் அறுவைச் சிகிச்சைக்கு ரத்தம் கொடுத்தவர்கள் இந்த கிளப்காரர்கள்தான். தானும் ஒருமுறை கொடுக்காமல் அமலாவுக்கு மனம் ஆறவில்லை.

"இரும்புச்சத்து மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க?" என்று போன வருட முகாமில் நர்ஸ் கேட்டார்.

"சாப்பாடு ஆனதும், காபியோட."

"காபி இரும்பை உடம்புல சேர விடாதுங்க!"

அன்று முதல் மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு. காபி மாலை நாலு மணிக்கு.

"எனக்காவது ஒரு டம்ளர் போடேன்," என்றார் கிரிதர்.

"வாசனை வந்தா நானும் குடிச்சுடுவேன். நாலு மணிக்குச் சேர்ந்து குடிக்கலாம்."

இந்த டிசம்பரில் அமலா மறுபடி விரலை நீட்டினார். துளி மேலே சற்றுத் தயங்கி, நேரே அடிக்குப் போனது.

"இந்த மாவு பொங்கவே இல்லை!" என்று சிரித்தபடி கட்டிலில் படுத்தார்.

"அப்போ இட்லிக்கு யாரு?" என்று பதறினார் துலால்.

வாசலில் கிரிதர் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.