கணக்காளரின் பழைய டெர்மினல்

1. வெட்டிய பெயர்

எண்பதுகளின் நடுப்பகுதியில், பதுளையில் இருந்த ஒரு தோட்டப் பிராந்திய அலுவலகத்தில் நான் புரோகிராமராக வேலை பார்த்தேன். குளிரூட்டிய அறையில் ஒரு கணனி இருந்தது. வெளியே மேசைகளில் அதோடு இணைந்த ஐந்து டெர்மினல்கள் இருந்தன. தோட்டங்களின் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப்பதிவு, அப்போதுதான் கணனிக்கு மாறியிருந்தது.

ஒரு நாள் காலை லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பெரிய கிளாக்கர் போன் செய்தார்.

"சேர், ஒங்க கம்பியூட்டர் மந்திரம் கிந்திரம் பண்ணுதா? ஒரு அம்மா பேர வெட்டி அனுப்புறோம். அடுத்த மாசம் திரும்பி வந்து ஒக்காந்துருக்கு. மறுபடி வெட்டுறோம், மறுபடி வருது."

"பிழையா அடிச்சிருப்பாங்க" என்றேன்.

"மாசா மாசமா பிழை வரும்? அந்தக் காம்பராவுக்கு ஒரு குடும்பம் காத்துக் கெடக்கு சேர். மாமியா வீட்டுல பத்துப் பேரோட படுத்துக் கெடக்கான் அந்தப் பய. பொண்டாட்டி வேற முழுகாம இருக்கா. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல தெனமும் என் சட்டையைப் பிடிக்கிறான்."

தோட்டத்தில் பெயர் இருந்தால், லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, உண்டு. பெயர் வெட்டப்பட்டால் காம்பரா அடுத்தவருக்குப் போகும். அந்த அம்மா வயது முடிந்து வேலையிலிருந்து நின்றவர். குடும்பத்தில் வேறு யாரும் அந்தத் தோட்டத்தில் பெயர் பதியவில்லை. ஆனால் எங்கள் கணனியில் அவர் சம்பளமில்லாத நோய் விடுப்பில் இருப்பதாகப் பதிவாகியிருந்தது.

வெட்டிய பெயரைத் திரும்பச் சேர்க்கும் அதிகாரம் கணக்காளர் நசீர் சேருக்கு மட்டுமே உண்டு. அவர் பதுளை டவுன்காரர், கண்டிப்பானவர், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சிரிப்பவர். "நான் சேர்க்கல்ல தம்பி" என்றார். அவர் சொன்னால் அது உண்மை.

2. ஒன்பதாம் படி

கோளாறைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகவில்லை. கணனிக்குள் நுழையும்போது பெயரும் பாஸ்வேர்டும் சரியா என்று அது ஒரு முறை பார்க்கும். அதற்குப் பிறகு டெர்மினல் ஒவ்வொரு கட்டளையோடும் தனக்குள் பதித்து வைத்திருக்கும் அதிகாரப் படி இலக்கத்தை அனுப்பும். கிளார்க்குக்கு ஒன்று, கணக்காளருக்கு ஒன்பது. நுழைந்தவர் கிளார்க்கா கணக்காளரா என்பதைக் கணனி மறுபடி பார்ப்பதில்லை. டெர்மினல் ஒன்பது என்று சொன்னால், அது ஒன்பதுதான்.

நசீர் சேருக்குப் புது டெர்மினல் வந்தபோது பழையதைக் கிளார்க் செல்வராணியின் மேசைக்கு மாற்றியிருந்தோம். எங்கள் அலுவலக வழக்கம் அது. பெரியவருக்குப் புதிது வந்தால் பழையது கீழே இறங்கும். மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் அப்படித்தான் இறங்கின. டெர்மினலோடு சேர்ந்து ஒன்பதாம் படியும் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

செல்வராணி லயத்திலிருந்து படித்து வந்தவர். அவரைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"நீங்களா மாத்துனது?"

"ஆமாண்ணே. மொத தடவ சும்மா தட்டிப் பார்த்தேன். முடியாதுன்னு சொல்லும்னு நெனச்சேன். ஏத்துக்கிச்சு."

"யாரு அந்த அம்மா?"

"எங்கம்மா."

அப்பா இறந்துவிட்டார். அண்ணன் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான். செல்வராணி பதுளையில் ஒரு போர்டிங்கில் இருந்தார்.

"அங்க எனக்கு ஒரு கட்டில்தாண்ணே. ராவெல்லாம் இருமுற ஆள உள்ள விடுவாங்களா?"

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தோட்டத்த நடத்துற தொரைக்கு நல்ல மனசுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. அவரு பேருக்கு அர்ச்சனை வேற வச்சிருச்சு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அம்மா இருக்குறவரைக்கும் விடுங்கண்ணே. அதுக்குப் பொறவு நானே ஒங்களுக்குச் சொல்லிர்றேன்."

அந்த ஓட்டை வழியாகச் சம்பளம், முற்பணம், அரிசி எதிலும் அவர் கை வைக்கவில்லை. ஆனால் அந்த மேசையில் உட்காரும் எவரும் எதையும் மாற்றலாம் என்பதும் உண்மை. மாமியார் வீட்டில் படுத்துக்கிடந்தவனின் மனைவிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்ததும் உண்மை.

3. சோதனை

நசீர் சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, என் முன்னாலேயே தோட்டத்துத் துரைக்குப் போன் செய்தார். கொஞ்ச நாள் தவணை கேட்டார். ஒருவருக்கு விட்டால் பத்துப் பேர் வருவார்கள் என்று பதில் வந்தது. அவர் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"மேலிடத்துக்கு எழுதினா இந்தப் புள்ளட வேல போயிடும். எழுத மாட்டேன். நீங்க ஓட்டைய அடைங்க."

அடைத்தேன். பெரிய வேலை இல்லை. நுழையும்போதே அவரவர் படியைக் கணனி தன்னிடமுள்ள பட்டியலில் பார்த்து வைத்துக்கொள்ளும். டெர்மினல் என்ன இலக்கம் அனுப்பினாலும் பொருட்படுத்தாது.

"சரியா அடைஞ்சிருக்கான்னு அந்த டெர்மினல்ல, அவட பேர்லயே பார்க்கணும்" என்றார் நசீர் சேர். அது முறையான சோதனைதான். செல்வராணி வந்து உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். அவர் அம்மாவின் பதிவு இலக்கத்தை அடித்தார்.

"வேற நம்பர் ஒண்டப் போடுங்களேன், மகள்" என்றார் நசீர் சேர் மெதுவாக.

"வேற நம்பர் எனக்கு மனப்பாடம் இல்ல, சேர்."

அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் வந்தது. அவர் இன்னொரு முறை அடித்தார். அதே பதில்.

"சரியா வேல செய்யுதுண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

4. காரணம்

மாத முடிவில் பெயர் வெட்டப்பட்டது. காம்பராவைக் காத்திருந்த குடும்பத்தின் பெயருக்கு மாற்றும் பதிவு, அந்தத் தோட்டம் செல்வராணியின் பொறுப்பில் இருந்ததால், அவர் மேசைக்கே வந்தது. வேறொருவரிடம் கொடுக்கிறேன் என்றேன்.

"இருக்கட்டுண்ணே. அவங்க பேரத் தப்பா அடிச்சிட்டா அவங்களும்தான் அலையணும்."

பிழையில்லாமல் அடித்தார்.

அம்மாவைப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் தங்கள் இஸ்தோப்பில், விறகு அடுக்கும் முன்திண்ணையில், சாக்குக் கட்டிப் படுக்க வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு மழை விடும்முன் அவர் இறந்துவிட்டார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு: டெர்மினல் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாதீர்கள். யாருக்கு என்ன அதிகாரம் என்பதைக் கணனியே வைத்திருக்கட்டும். அன்று செய்த திருத்தம் சரி, இன்றைக்கும் அதையே செய்வேன். ஆனால் அந்தப் புரோகிராமில் கீழ்ப்படியில் இருப்பவர் விதிவிலக்குக் கேட்க ஓர் இடம் இல்லை. வெட்டுவதும் சேர்ப்பதும் மட்டுமே இருந்தன. கேட்க வழியில்லாத இடத்தில் ஆள் ஓட்டையைத்தான் தேடுவார். அதை அடைக்கிற அன்றே கேட்பதற்கும் ஒரு வழி செய்துவிட வேண்டும்.

நான் அதைச் செய்தது அடுத்த ஆண்டு. கிளார்க் தன் கோரிக்கையைக் காரணத்தோடு அடித்து அனுப்பலாம், கணக்காளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். சோதித்துப் பார்க்கச் செல்வராணியை உட்காரச் சொன்னேன். காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினார். கணனி ஏற்கவில்லை.

"எதையாவது அடிங்க" என்றேன்.

அவர் விரல்களைப் பொத்தான்களிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இப்ப கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லியேண்ணே" என்றார்.