ட்ரெமோலோ பெடலும் பெர்னார்ட் அண்ணனின் கட்டைவிரலும்

பெர்னார்ட் அண்ணன் போயிட்டார். ஹார்ட் அட்டாக். காலையில வாயில பிரஷ்ஷோட நிக்கிறப்போ போன் வந்துச்சு... துப்பக்கூடத் தோணலை.

தெப்பக்குளம் பக்கத்துச் சந்துல, ஜவுளிக்கடை மாடியில கிடார் கடை வச்சிருந்தவர். போன மாசம் என் பதிவைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சீங்களே, அதுல வந்த அண்ணன்தான்.

அந்தப் பதிவைப் பத்திதான் சொல்ல வந்தேன்.

ஐம்பதைத் தொடுற வயசுல நான் எலக்ட்ரிக் கிடார் வாங்கின கூத்து உங்களுக்குத் தெரியும். நான் ஆம்ப்ளிஃபையரைப் போட்டா, "பெருமாள் புறப்பாடாறது, அதைச் செத்த அணையுங்கோ"ன்னு எதிராத்து மாமி ஜன்னல்லேர்ந்து சொல்லுவா. புறப்பாடு இல்லாத நாள்லயும் சொல்லுவா.

அது பத்தாதுன்னு ட்ரெமோலோ பெடல் ஆசை வேற. சின்ன வயசுல ஓடுற டேபிள் ஃபேன் முன்னாடி உட்கார்ந்து "ஆ..."ன்னு கத்தியிருப்பீங்கல்ல? குரல் அறுந்து அறுந்து வருமே... கிடார் சத்தத்தை அப்படி ஆக்குற டப்பா அது. தரையில வச்சுக் காலால அமுக்கணும்.

பெர்னார்ட் அண்ணன் வாசிச்சு அதை முதல்ல கேட்டது தொட்டியத்துல, ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன்ல. ஆர்கெஸ்ட்ரா மேடைக்குச் செருப்போட ஏற மாட்டார். வெறுங்காலோட நின்னு வாசிப்பார்.

சாப்பிட்டு வந்த டிரம்மர் தாளத்தை வேகமாக்கி, பாட்டை இழுத்துக்கிட்டு ஓடினார். அண்ணன் குனியவே இல்லை. வலது கால் கட்டைவிரலால பெடலோட வேகத் திருகைப் பிடிச்சு ஒரு திருப்பு... கிடார் அதிர்வு டிரம்மர் வேகத்தோட சேர்ந்துக்கிச்சு. எதிர்ல உட்கார்ந்திருந்தவங்க மணமக்களைப் பார்த்தாங்க. நான் அந்த விரலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

போன மாசம் கடைக்குப் போனேன். யூடியூப் பார்த்து முத்தின பைத்தியம் நான். ஸ்க்ரீன் வச்ச பெடல்தான் வேணும்னு நின்னேன்.

"இதுல முப்பது விதமா நடுங்கும் சாமி. உங்க கை ஏற்கெனவே நடுங்குது, எதுக்குச் செலவு?"

அண்ணனுக்கு நான் எப்பவும் 'சாமி'தான். வியாபாரத்துல சளைச்சவர் இல்லை. ரொம்ப நாளா விக்காம கிடந்த பெரிய திருகு வச்ச பெடலை எடுத்து நீட்டினார்.

"ரெண்டே திருகு. ஒண்ணு வேகம், ஒண்ணு ஆழம். கால் விரலுக்கு அகப்படணும் சாமி, அதான் முக்கியம்."

"எங்க, திருப்பிக் காட்டுங்கண்ணே."

அப்பதான் கவனிச்சேன். அண்ணன் ஷூ போட்டிருந்தார். கடைக்குள்ள, ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிட்டு, கறுப்பு ஷூ.

"என்னண்ணே, புது மாப்பிள்ளை மாதிரி?"

"பொண்ணு பாருங்க சாமி, நான் ரெடி. இன்னிக்கு நீங்க திருப்புங்க, நான் பாக்குறேன்."

திருப்பினேன். பெடல் குப்புற விழுந்துச்சு. அண்ணன் கண்ல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். அதையே வாங்கிட்டு வந்தேன்.

அன்னிக்கே எழுதினேன். 'திருச்சியின் தலைசிறந்த கட்டைவிரல்.' அந்த விரலுக்குத் தனியா ஆதார் கார்டு வேணும், எலெக்‌ஷன்ல மை அதுக்குத்தான் வைக்கணும்னு... உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசியா இப்படி முடிச்சிருந்தேன்: 'கண்ணு பட்டுடும்னு அந்த விரலை இப்போ ஷூவுக்குள்ள பூட்டி வச்சிருக்கார். சாவி வீட்டம்மாகிட்ட இருக்காம்.'

அண்ணனே வந்து கமெண்ட் போட்டார். "கட்டைவிரல் சார்பாக நன்றி சாமி."

நான் பதில் போட்டேன். "விரல் பத்திரம்ணே!" கூடவே ஒரு வரிசை சிரிப்பு பொம்மை.

இன்னிக்குப் பாலக்கரையில அவர் வீட்டுக்குப் போனேன். கோட்டு சூட்டுல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுத்திருந்தார். வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல அந்த டிரம்மர். பக்கத்துல உட்கார்ந்தேன்.

"சுகர் சார்... தீபாவளிக்கு முன்னாடியே விரலை எடுத்துட்டாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார். மேடைக் கச்சேரிக்குக் கூப்பிட வர்றவங்க வேற ஆளைப் பார்த்துடுவாங்கல்ல?"

எந்த விரல்னு நான் கேக்கலை.

உள்ளேர்ந்து கூப்பிட்டாங்க. அண்ணனோட சம்சாரம், ஸ்டெல்லா அக்கா. சுத்தி நாலஞ்சு பொம்பளைங்க.

"தம்பி, இவரைப் பத்தி ஏதோ எழுதினீங்களாமே. எனக்குப் படிச்சுக் காட்டினார். ஆதார் கார்டு, மை... நானும் சிரிச்சேன். அப்புறம் பாதியில, கண்ணாடி சரியில்லைன்னு போனை மூடி வச்சுட்டார். மீதி என்ன எழுதியிருந்தீங்க? படிங்க."

போனை எடுத்தேன். பதிவைத் திறந்தேன். மீதின்னா அந்த ஷூ வரிதான். தினம் அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டவங்க எதிர்ல உட்கார்ந்திருக்காங்க...

"இப்படி ஒரு கலைஞர் நம்ம ஊருக்குக் கிடைச்சது நம்ம பாக்கியம்." இல்லாத வரியை, ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே, எழுதி வச்சிருக்கிற மாதிரி படிச்சேன். குரல்கூட நல்லா வந்துச்சு.

அக்கா என் கையில இருந்த போனைப் பார்த்தாங்க.

"இதுக்கா தம்பி, கண்ணாடி சரியில்லைன்னார்?"

செருப்பைத் தேடுற மாதிரி வெளிய வந்துட்டேன்.

அந்தப் பதிவை அழிக்கலாம்னு பார்த்தா, அண்ணன் கமெண்ட்டும் கூடவே போயிடும். இப்போதைக்கு இருக்கு. அங்க போய் இனிமே யாரும் சிரிப்பு பொம்மை போடாதீங்க. ப்ளீஸ்.

வேற யாராவது அக்காவுக்குப் படிச்சுக் காட்டுறதுக்குள்ள நானே சொல்லிடணும்... எப்படின்னுதான் தெரியலை.

நாளைக்கு அடக்கம். பின்னாடி எங்கயாவது நிப்பேன்.

போயிட்டு வாங்கண்ணே.