பரணில் இல்லாத மரநாய்

காப்பிப் பழம் சிவக்கும் மாதங்களில் எங்கள் பக்கம் எந்தக் கெட்ட வாடை வந்தாலும் பழி மரநாய்மேல்தான் விழும். நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்துத் தின்றுவிட்டு, கொட்டையை எச்சத்தோடு பாறைமேல் போட்டுவிட்டு, பகலில் யார் வீட்டுப் பரணிலாவது போய்ப் படுத்துக்கொள்ளும் பிராணி அது. அதற்கென்று ஒரு வாடை உண்டு. ஏற்காட்டு மலையில் எங்கள் நாகலூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழியில், அழுகின மீனும் துருப்பிடித்த இரும்பும் கலந்தது போன்ற ஒரு நாற்றம் எங்கள் வீட்டுக்குள் கிளம்பியபோது, என் கணவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"மரநாய் பூந்திருச்சு அம்மிணி," என்றார். "பரண்லதான் கெடக்குது."

அடுத்த பத்து நாளும் அவருக்கு அதே வேலை. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு பரணில் ஏறிப் பழைய சாக்குகளையெல்லாம் உதறினார். மிளகாய் வற்றலைத் தணலில் போட்டுப் புகை காட்டினார். மரநாய் வெளியே வரவில்லை, நாங்கள் இருவரும்தான் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினோம். பக்கத்து ஊரான கொட்டச்சேட்டிலிருந்து ஒரு பெரிய கூண்டை இரவல் வாங்கி வந்து, உள்ளே மலைவாழைப்பழம் வைத்தார். பழத்தை எலி தின்றது. நாற்றம் மட்டும் நாளுக்கு நாள் கூடியது. வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காரும் முன்பே மூக்கைச் சுளித்துக்கொண்டு, "மரநாயுங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க" என்று இவர் பெருமையாகச் சொல்வார், ஏதோ புலி வளர்க்கிற மாதிரி.

அதே நாட்களில் எங்கள் நாய்க்கும் ஒரு தொல்லை இருந்தது. செம்பழுப்புப் பெட்டை நாய், ஆறு வயசு. குட்டியாக நாகலூர் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றது, என் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் சேலத்துக்கும் கோவைக்கும் வேலைக்குப் போனபிறகு, நான் பகலில் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி அதனோடுதான். அது சில நாட்களாகப் பின்பக்கத்தைத் தரையில் வைத்து, முன்கால்களால் உடம்பை இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டு போனது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: வயிற்றில் பூச்சி. நானும் பூச்சி மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து மூன்று தடவை கொடுத்தேன். தேய்ப்பது நிற்கவில்லை. வாலடியைத் திரும்பித் திரும்பி நக்கியது. உட்காரப் போய் உடனே எழுந்தது. நாற்றம் ஒரு கவலை, நாய் ஒரு கவலை என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாய் களத்தில் ஏறிவிட்டது. எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர் காப்பி. பறித்து, தோல் நீக்கி, கழுவி, சிமெண்ட் களத்தில் பரப்பிக் காயவைத்து எடுத்தால்தான் அந்த வருஷத்து உழைப்பு உழைப்பு. காயும் காப்பி பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய்க் கேனைக்கூடக் களத்தோரம் வைக்க மாட்டோம். அந்தக் காப்பியின் நடுவே, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், நாய் தேய்த்துக்கொண்டு போயிருந்தது.

கணவர் கத்தவில்லை. அவர் கத்தினால் எனக்குப் பயமில்லை, அமைதியாகப் பேசினால்தான் பயம்.

"ஞாயித்துக்கெழமை சேலத்துக்குச் சரக்கு ஏத்தற ஜீப் வருது. சேலத்துல எறக்கி உட்டரச் சொல்லிர்றேன். இனி இது இங்க வேண்டாம்."

"எறக்கி உடறதுன்னா எங்கீங்க?"

"அங்க மார்க்கெட் இருக்குது, கறிக்கடை இருக்குது. பொழைச்சுக்கும்."

மலைக் குளிரில் வளர்ந்த நாய் சேலத்து ரோட்டு வெயிலில் பிழைத்துக்கொள்ளுமாம். எனக்குச் சாதாரணமாகவே மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் களத்தைப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நாய் தேய்த்த இடத்துக் காப்பியை அள்ளித் தூரக் கொட்டினேன்.

மறுநாள் அவர் கடைசி முயற்சியாகக் கூரை ஓடுகளையே பிரிக்க ஆரம்பித்தார். பரணுக்கு நேர்மேலே பாதிக் கூரையைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், ஆச்சரியத்தோடு கூவினார்.

"அம்மிணி, இங்க ஒரு வாடையும் இல்லியே! கீழதான் நாறுது!"

கீழே நான் நின்றுகொண்டிருந்தேன். என் காலடியில் சாக்கின்மேல் நாய் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை.

சாக்கை இழுத்து மோந்து பார்த்தேன். அதே நாற்றம். நாயின் வாலைத் தூக்கிப் பார்த்தால், ஆசனவாயின் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டதும், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. என் கோபமெல்லாம் போய் அழுகை வந்துவிட்டது. வலியில் துடித்த பிராணிக்குப் பூச்சி மாத்திரையைத் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடனே கயிற்றைக் கட்டிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். ஏற்காட்டு பஸ்ஸில் கண்டக்டர், "நாயெல்லாம் ஏத்த முடியாதுங்க அக்கா" என்றுவிட்டார். நடந்தேன். மூன்றாவது வளைவில், ஆரஞ்சுக் கூடைகள் ஏற்றிப்போன ஒரு மினி லாரிக்காரர் இரக்கப்பட்டு எங்களை முன்சீட்டிலேயே ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தி இறங்கி, குனிந்து சக்கரங்களுக்கு நடுவே தேடினார். "எலி ஏதோ அடிபட்டுக் கெடக்குதுங்க போல," என்றார். நான் ஜன்னல் கண்ணாடியை இன்னும் இறக்கிவிட்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் என் மகள் வயசுப் பெண். நாயைத் தொடுவதற்கு முன்பே, "எத்தனை நாளாங்கம்மா இந்த வாடை?" என்று கேட்டாள்.

"பதினஞ்சு நாளாச்சுங்க. மரநாயின்னு நெனச்சுப் பரண்ல தேடிக்கிட்டு இருந்தமுங்க."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே விளக்கினாள். ஆசனவாயின் இரண்டு பக்கமும் தோலுக்குள்ளே சுண்டைக்காய் போல ஒவ்வொரு பை உண்டாம். நாய்க்கும் உண்டு, பூனைக்கும் உண்டு. அதில் ஊறும் திரவம் மலம் போகும்போது அழுந்தி வெளியேறிவிட வேண்டும். மலம் இளகிப்போனாலோ, உடம்பு கொழுத்துப்போனாலோ, பை காலியாகாமல் கட்டிக்கொள்ளும். பிறகு கசியும், சீழ் பிடிக்கும்.

"என்னங்கம்மா சாப்பாடு போடறீங்க?"

"பாலுஞ் சோறுந்தானுங்க. கேக்கறப்பெல்லாம்."

"அதானுங்க," என்றாள், நாயின் இடுப்பைப் பார்த்து.

நாயின் வாயைத் துணியால் கட்டி, தலையை என் இடுப்போடு அணைத்துக்கொண்டேன். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல சாமி" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சை வைத்து, மெதுவாக அழுத்தினாள். கிளம்பிய நாற்றத்தில், வெளியே ஆட்டோடு காத்திருந்தவர்கள் ஆட்டை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டார்கள். ஒரு பையிலிருந்து சேறு போலக் கெட்டியாக வந்தது, மற்றதிலிருந்து ரத்தம் கலந்த சீழ். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நான் சந்தோஷப்பட்டேன். பதினைந்து நாளாகப் பிடிபடாத திருடன் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான்.

ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். பாலை நிறுத்தி, பரங்கிக்காயை, எங்கள் பக்கத்துப் பேச்சில் அரசாணிக்காயை, வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடச் சொன்னாள். "நீங்களா அழுத்திப் பாக்காதீங்கம்மா, பூச்சி மாத்திரையும் என்னயக் கேக்காமக் குடுக்காதீங்க" என்று ஒரு குட்டும் வைத்தாள். எனக்கு அது வேண்டியதுதான்.

வீட்டில் கணவர் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

"பின்னாடி பை இருக்குதாமா? நாப்பது வருசமா நாய் வளக்கறோம், நமக்குத் தெரியாத பையா? ஞாயித்துக்கெழமை ஜீப் வருது, அவ்வளவுதான்."

"வரட்டுங்க," என்றேன். "அன்னிக்கு இந்த ஊட்டுல நாறுச்சுன்னா நானே ஏத்தி உடறேன். நாறலீன்னா அது இங்கயேதான் இருக்கோணும்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். நாய் படுத்த சாக்கை எரித்தேன். பாயை வெந்நீரில் போட்டு அலசினேன். தரையைச் சீயக்காய் போட்டு இரண்டு தடவை தேய்த்தேன். வெள்ளிக்கிழமை வரை லேசாக வாடை இருந்தது. சனிக்கிழமை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பதினைந்து நாள் அந்த நாற்றத்திலேயே கிடந்த மூக்கை எப்படி நம்புவது? அவர் மூக்கும் அதே கதிதான். அவர் ஒவ்வொரு மூலையாகக் குனிந்து மோந்துவிட்டுக் களத்துக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் வந்தது. டிரைவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். அவர் ஊதி ஊதிக் குடித்தார். மரநாயைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

கணவரால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க தம்பி, ஊட்டுக்குள்ள ஏதாச்சும் வாடை வருதுங்களா?"

டிரைவர் மூக்கை உறிஞ்சினார். "வருதுங்ணா."

எனக்கு உயிரே போய்விட்டது.

"அரசாணிக்காய் வேகுதுங்களா?"

அடுப்பில் நாய்க்குத்தான் வெந்துகொண்டிருந்தது. நான் போய்ச் சட்டியைக் கிளறினேன். கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, "நாய் எங்கீங்ணா? நேரமாச்சு, ஏத்துங்க" என்றார்.

"நாய் வரல தம்பி. அதுக்கு ஒடம்பு செரியில்லாம இருந்துச்சு, இப்பப் பரவால்ல. நமக்குத்தான் தெரியல."

டிரைவர் போகிற போக்கில் சொன்னார்: "எங்கூட்டு நாயும் ஒரு மாசமா பின்னாடி தேய்ச்சுக்கிட்டுத்தானுங்ணா திரியுது. பாத்தா நொம்பச் சிரிப்பா இருக்கும். பூச்சி மாத்திரை போட்டும் கேக்கல."

கணவர் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டார். "பூச்சியில்ல தம்பி அது. வாலுக்குக் கீழ ரெண்டு பக்கமும் பை இருக்குது, அது கட்டிக்கும். நாளைக்கே டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க. தேய்க்குதுன்னு சிரிக்காதீங்க, வலிக்குதுன்னு நம்மகிட்டச் சொல்லுது அது."

பையைப் பற்றி அவருக்குச் சொன்னது நான். அந்தக் கடைசி வார்த்தை நான் சொன்னதல்ல, அவராகவே அறிந்துகொண்டது. ஜீப் நாயில்லாமல் மலையிறங்கியது. நான் களத்தின் நடுவே நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சிரித்தேன்.