சுகாதார அமைச்சருக்கு விடுமுறை

கோயில் தேர்த்திருவிழா நோட்டீஸ்களை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சிட்னியின் பிளாக்டவுனில் நான் பகுதிநேரமாக வேலை செய்யும் அச்சுக்கடையில் சனிக்கிழமைகளில் கை ஓயாது. திருமண அழைப்பு, சாப்பாட்டுக்கடை மெனு, பெண் பிள்ளைகளின் சாமத்தியவீட்டுப் பதாகை என்று வந்துகொண்டே இருக்கும். அன்று ஒரு பெரியவர் வந்தார். மேசையில் ஒரு காகிதத்தை விரித்து, இப்படி இருநூற்றைம்பது தாள் வேண்டும் என்றார்.

அது ஒரு கடிதத் தலைப்பு. நடுவில் மலை, மலைக்கு மேலே நட்சத்திரம். அதற்குக் கீழே ஒரு நாட்டின் பெயர், "இடைக்கால அரசாங்கம்" என்ற சொற்கள். அதற்கும் கீழே முகவரி: செவன் ஹில்ஸில் ஒரு தெரு, கேரேஜ் வாசல் பக்கம்.

பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் அரசியல் படித்தவள் நான். புரட்சியில் நாட்டை இழந்தவர்கள் வேற்று நாடுகளில் அரசாங்கம் அமைத்து, பெரிய அரசுகளிடம் உதவி கேட்டு அலைந்த கதைகளைப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அப்படியான அரசாங்கம் ஒன்றை உயிரோடு பார்த்ததில்லை. இப்போது ஒன்று என் எதிரே நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

தாளில் எழுத்து எப்படி விழும் என்று பார்ப்பதற்காக ஒரு மாதிரிக் கடிதமும் கொண்டுவந்திருந்தார். எங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியது. கடைசி வரி இப்படி முடிந்தது: "மேற்படி அரசாங்கத்தை இயன்றளவு விரைவில் அகற்றித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." தெருவில் விழுந்த மரத்தை அகற்றச் சொல்லி நகரசபைக்கு எழுதுவதைப் போல.

இதை நான் எழுத வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய அதே மூச்சில் வாயும் திறந்துவிட்டது.

"அங்கிள், இந்தக் கடிதத்தை நான் திருத்தி எழுதித் தரட்டா?"

உள்ளேயிருந்து கடைக்கார அண்ணா எட்டிப் பார்த்தார். மதுரைக்காரர். "ஏம்மா, மொதல்ல தேர் நோட்டீஸ வெட்டி முடி. ஆட்சிய மத்தியானத்துக்கு மேல மாத்திக்கலாம்."

அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே ஒரு காலத்தில் ஒரு மன்னர் இருந்தார், நல்லவரல்ல. புரட்சி வந்தது. வந்தவர்கள் முதலில் மன்னரின் ஆட்களைப் பிடித்தார்கள், பிறகு தங்களோடு சேர்ந்து கோஷம் போட்ட ஆசிரியர்களையும் தாதிகளையும் பிடித்தார்கள். அங்கிள் அங்கே புவியியல் ஆசிரியர். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார். இப்போது வெளிநாட்டு அமைச்சர். அவர் என்னோடு பேசியது ஆங்கிலம். ஆனால் கை வீச்சும், இடையில் விடும் பெருமூச்சும் அப்படியே என் மாமாமாருடையவை. அதனால் என் நினைவில் அவரும் அவருடைய ஆட்களும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள்.

அமைச்சரவை ஞாயிறு பின்னேரம் அவருடைய கேரேஜில் கூடும். மொத்தம் ஒன்பது பேர். மெல்பேர்னில், கிரெய்கிபர்ன் பக்கம், இன்னோர் இடைக்கால அரசாங்கமும் இருந்தது. "அவையள் பிரிஞ்சு போன ஆக்கள்" என்றார் அங்கிள். "நாங்கள்தான் பிரிஞ்சு போனதெண்டு அவையள் சொல்லுவினம்." நான் சிரித்துவிட்டேன். ஒரே பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்களுக்கு மூன்று சங்கம் வைத்திருக்கும் சனத்திலிருந்து வந்தவளுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை.

முதல் ஞாயிறு நான் போனபோது புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். நடுவில் பெரிய சமோவார் போல ஒரு தேநீர்ப் பாத்திரம். அவர்களுடைய வழக்கம் எனக்கு அங்கேதான் தெரிந்தது: கை உயர்த்தி வாக்களிப்பதில்லை. சம்மதம் என்றால் கரண்டியைக் கோப்பையின் குறுக்கே வைக்க வேண்டும். வைக்காதவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒன்பது கரண்டியும் குறுக்கே கிடந்தால்தான் எதுவும் அந்தக் கேரேஜை விட்டு வெளியே போகும். பிடிவாதக்காரர்கள் இடையிடையே எழுந்து கழிவறைக்குப் போய் வருவார்கள்.

நான் எழுதிய கடிதத்தை நின்றுகொண்டு வாசித்தேன். முதல் பந்தி, அங்கே நடக்கும் அநியாயம். இரண்டாம் பந்தி, எங்களை அங்கீகரியுங்கள். மூன்றாம் பந்தி என் பெருமை: அந்த ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர ஆஸ்திரேலியாவும் அதன் நட்பு நாடுகளும் "தேவையான சகல வழிகளிலும்" துணை நிற்க வேண்டும். குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். கைதட்டினார்கள். கரண்டிகள் டக் டக்கென்று விழுந்தன. எண்ணினேன்: எட்டு.

ஒன்பதாவது கரண்டி சுகாதார அமைச்சரின் கையில் இருந்தது. அவர் முதியோர் இல்லத்தில் தாதி. வேலைச் சீருடையோடு நேரே வந்திருந்தார். நான் அன்ரி என்று கூப்பிட்டேன்.

"பிள்ளை, நல்ல எழுத்து" என்றார். "சகல வழி எண்டால் என்னென்ன வழி?"

"அது... ராஜதந்திர மொழி அன்ரி. எல்லாம் அடங்கும்."

"விமானமும் அடங்குமோ?"

நான் அங்கிளைப் பார்த்தேன். அங்கிள் சமோவாரைப் பார்த்தார்.

"என்ர அக்கா இருக்கிறது ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்தில" என்றார் அன்ரி. "ஆர் வந்து ஆட்சியை மாத்தினாலும் முதல்ல பாலத்தைத்தானே உடைப்பினம்?"

யாரோ அவருடைய கோப்பையில் தேநீர் ஊற்றினார்கள்.

கூட்டம் முடிந்ததும் அவரை ரயிலடிவரை என் காரில் கொண்டுபோய் விட்டேன். அப்போதுதான் மிச்சம் தெரிந்தது. தாய் இறந்தபின் அவரை வளர்த்தது அந்த அக்கா. நாட்டை விட்டு வந்தபின் இருவரும் சந்திக்கவில்லை. இந்த வருடம் அந்த நாட்டுத் தூதரகம் வெளியே போனவர்களுக்கும் விசா கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் எதிர்ப்புக் கடிதங்களில் பெயர் உள்ளவர்களுக்கு இல்லை. அக்காவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. முகம் தெரியும்போதே பார்த்துவிட வேண்டும்.

"அப்ப ஏன் அன்ரி அமைச்சரவையில இருக்கிறியள்?"

"அந்த ஆக்கள் போகவேணுமெண்டு எனக்கும் ஆசைதான் பிள்ளை. என்ர தம்பியைக் கொண்டுபோனது அவையள்தானே." பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "ஆனால் அக்காவையும் பார்க்கவேணும். ரெண்டும் வேணும். பேராசைதான்."

நாடாளுமன்ற உறுப்பினர் கன்பெராவில் சந்திக்க நேரம் கொடுத்திருந்தார். அதற்குள் இன்னும் இரண்டு ஞாயிறுகள். நான் அந்த வாரம் மூன்றாம் பந்தியை நான்கு விதமாக எழுதினேன். ரயிலில் எழுதினேன், நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் எழுதினேன். கடைக்கார அண்ணா ஒன்றை எடுத்து வாசித்துவிட்டு, "இதுல எது போர் பிரகடனம், எது தேர் நேரம்னு தெரியலையேம்மா" என்றார்.

இரண்டாம் ஞாயிறு "அமைதியான வழிகளில்" என்று மாற்றிக் கொண்டுபோனேன். அங்கிள் கொதித்தெழுந்தார்.

"அமைதியாய் எப்பிடிப் பிள்ளை? போய்க் கதவைத் தட்டி, ஐயாமாரே, கொஞ்சம் எழும்புங்கோ எண்டு கேக்கிறதோ?"

"நீர் போய்க் கேளும், உம்மடை மீசையைப் பார்த்து எழும்பினாலும் எழும்புவினம்" என்றார் அன்ரி. கேரேஜே சிரித்தது. ஆனால் அங்கிளின் கரண்டியும் குறுக்கே விழவில்லை, பாலத்தை மறக்காத அன்ரியின் கரண்டியும் விழவில்லை. அன்று அன்ரி ஏழு கோப்பை குடித்தார்.

மூன்றாம் ஞாயிறு யாரும் சிரிக்கவில்லை. கிரெய்கிபர்ன்காரர்கள் தங்கள் கடிதத்தை அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அங்கிள் பாத்திரத்தைத் தானே தூக்கி அன்ரியின் கோப்பையை நிரப்பினார்.

"உம்மடை அக்காவின்ரை வீடு பாலத்துக்கு எந்தப் பக்கம்?"

"மில் பக்கம்."

"மில்லுக்கு முன்னாலையோ, பின்னாலையோ?"

அங்கிள் அந்த ஊரில் இரண்டு வருடம் படிப்பித்தவர். என் பேனாவை வாங்கி, கடிதத்தின் பின்பக்கத்தில் ஆற்றை வரைந்தார், பாலம் போட்டார், மில், பள்ளிக்கூடம், சந்தை. போட்டுக்கொண்டே போனார். "இங்கை ஒரு பேக்கரி, என்ன?" என்றார். அன்ரி "அதுக்குப் பக்கத்து வீடு" என்றார். அங்கிள் அங்கே ஒரு சின்னச் சதுரம் போட்டார். பிறகு பேனா அசையவில்லை. அந்தச் சதுரத்திலிருந்து பாலத்துக்கு ஒரு விரல் அகலம்கூட இல்லை.

தாளைத் திருப்பி மூன்றாம் பந்தியைக் குறுக்கே கோடிழுத்து வெட்டினார். என் முதல் பெரிய பந்தி. வலிக்கும் என்று நினைத்தேன், வலிக்கவில்லை. அதற்குப் பதிலாக என்ன கேட்பது என்று அரை மணித்தியாலம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிறையில் இருப்பவர்களின் பட்டியலைக் கேட்கச் சொல்வது, அந்த ஆட்சித் தலைவர்களின் பிள்ளைகள் இங்கே வந்து வீடு வாங்குவதைத் தடுக்கச் சொல்வது. இரண்டாவதைச் சொன்னபோது எல்லோருக்கும் கண் பளபளத்தது.

விசா விஷயத்தை அன்ரி அப்போதுதான் எல்லோருக்கும் சொன்னார். அவருடைய பெயருக்கு என்ன செய்வது? ஒன்பது அமைச்சர்களும் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அப்போது எனக்கு இரண்டாவது யோசனை வந்தது.

"அன்ரி லீவில இருக்கிறா எண்டு போட்டால்?"

போக்குவரத்து அமைச்சர் கன்னத்தைச் சொறிந்தார். அவர் உண்மையாகவே ரயில்வே ஊழியர். "வருடாந்த லீவோ, சுகயீன லீவோ?"

வருடாந்த விடுமுறை என்று முடிவாயிற்று. ஓர் இடைக்கால அரசாங்கம் தன் சுகாதார அமைச்சருக்கு ஆறு வார விடுமுறை வழங்கும் தீர்மானத்தை நான் என் கையால் எழுதினேன். ஒன்பது கரண்டிகளும் விழுந்தன. அன்ரியின் கரண்டிதான் பெரிய சத்தம்.

கடிதத்தை நல்ல தாளில் அச்சடிக்கலாம் என்று, கடையில் நான் அடித்துக் கொடுத்த கடிதத் தலைப்புக் கட்டைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். கடிதத் தலைப்பின் இடது ஓரத்தில், எங்கள் சங்கங்களின் நிர்வாகக் குழுப் பட்டியல் போல, ஒன்பது அமைச்சர்களின் பெயரும் பதவியும் மேலிருந்து கீழாக வரிசையாக நின்றன. கையெழுத்தே இல்லாவிட்டாலும் அன்ரி ஒவ்வொரு தாளிலும் இருந்தார். பிழை பார்த்து அச்சடித்தது நான். பெயர்களில் எழுத்துப் பிழை இல்லை என்று பெருமைப்பட்டதும் நான்.

திங்கட்கிழமை அந்தக் கட்டோடு கடைக்கு ஓடினேன். இடது ஓரத்தை வெட்டித் தரச் சொல்லி அண்ணாவிடம் நீட்டினேன். கட்டை வெட்டும் இயந்திரத்தில் வைத்து, அளவு பார்த்து, கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுத்தார். ஒன்பது பெயர்களும் ரிப்பன் ரிப்பனாகக் கீழே விழுந்தன. மலையும் நட்சத்திரமும் இடப்பக்கம் ஒதுங்கிப்போயின.

"இப்ப ஒல்லியான அரசாங்கம்" என்றார் அண்ணா. "கெளம்பு, நோட்டீஸ் வேலை கெடக்கு."

ரிப்பன்களை நானே கிழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். அங்கிள் காரோட்டுவார், நானும் அன்ரியும் பின்னால். பதினொரு மணிக்கு நாடாளுமன்றத்தில் அங்கிள் கடிதத்தைக் கொடுப்பார். நான் கூடப்போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உதவுவேன். அந்த நேரம் அன்ரி காருக்குள்ளேயே இருப்பார். பிறகு அதே கார் தூதரகத்துக்குப் போகும். மூன்று மணிக்கு அவர்கள் கதவைப் பூட்டுவதற்குள் விசா விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். அங்கே என் முகம் யாருக்கும் தெரியாது, அதனால் அன்ரியோடு நான் உள்ளே போகிறேன். வெளிநாட்டு அமைச்சர் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு இருப்பார்.

"எப்பிடி வந்தனீங்கள் எண்டு கேட்டால்?" என்று நேற்று, அங்கிள் வீட்டிலிருந்த அன்ரியைத் தொலைபேசியில் சோதித்தேன்.

"டாக்ஸி."

பின்னால் அங்கிளின் குரல்: "என்ன? நான் டாக்ஸிக்காரனோ?"

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது: எத்தனை வாரம் தங்குவீர்கள். அன்ரி மூன்று என்கிறார். அதற்குமேல் கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்று பயம். ஆறு கேட்கலாம், விடுமுறை ஆறு வாரம்தானே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவின் கண் மருத்துவரிடமும் ஒருதரம் கூட்டிக்கொண்டு போகலாம். இப்போதைக்குப் பென்சிலால் ஆறு என்று எழுதி வைத்திருக்கிறேன். சிட்னியிலிருந்து கன்பெராவரை அன்ரியோடு பேசிப் பார்ப்பேன், பேனாவும் எடுத்து வைத்தாயிற்று.