உடுக்கைக்கு ஓடாத நோய்

பதுளை ஆஸ்பத்திரி வாங்கில் (பெஞ்சில்) உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நின்றேன். உள்ளே போய் என்னவென்று சொல்வது? தலைவலி என்றால் தலையைத் தொட்டுக் காட்டலாம். கணவர் மேல் ஆசை வரவில்லை என்பதை எங்கே தொட்டுக் காட்டுவது?

இதைப் படிக்கிற உங்களுக்கும் இதே தவிப்பு இருக்கலாம். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கு மனச்சோர்வு (காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை) வந்தது. மாத்திரை தந்தார்கள். அழுகை நின்றது. மறுபடி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனேன். ஆனால் கணவரின் கை பட்டால் உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. அவர் சிரித்தால் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆசைதான் வரவில்லை.

அவர் ஒன்றும் கேட்காமல் இஸ்தோப்பில் (லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டின் முன்பகுதி) பாய் போட்டுக்கொண்டார்.

"என்னையப் புடிக்கலைன்னா சொல்லிடு. தீவாளி முடிஞ்சதும் கொழும்புக்கு வேலைக்குப் போயிடுறேன்" என்றார் ஒருநாள். அவர் போய்விடுவாரோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தப் பாயைப் பார்த்த மாமியார், மலையில் எனக்குக் காத்து (பேய்) பட்டிருக்கிறது என்று முடிவுகட்டி, கோடாங்கியை (உடுக்கடித்துக் குறி சொல்பவர்) வரவழைத்தார். அவர் சொன்ன விரதத்தில் மாத்திரை தொடக்கூடாதாம். நிறுத்தினேன். சில நாட்களில் தலை சுற்றியது, கைகால் நடுங்கியது. உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே தள்ளாடி விழுந்தேன்.

"பாத்தீங்களா, காத்து எறங்குது!" என்று லயமே கைகூப்பியது.

"புருசன்கிட்ட ஏன் ஒதுங்கி இருக்க?" என்று கோடாங்கி உரக்கக் கேட்டார். வரிசையில் இருந்த எல்லாக் காம்பிராவுக்கும் (லயத்து வீடு) கேட்டது. அவமானத்தில் கூசிப்போனேன். பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கணவரும் கூட வந்தார்.

டொக்டர் சிங்களப் பெண். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனாலும் மொழிபெயர்க்க என் கணவரைக் கூப்பிடவில்லை. அவரை வெளியே இருக்கச் சொன்னார்.

"மாத்திரைக்கு முன்னாடி ஆசை இருந்ததா?"

"இருந்துச்சிங்க" என்று தொடங்கி, கோடாங்கி வந்ததையும் மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன்.

"பேய் இல்லை. மாத்திரை திடீர்னு நிப்பாட்டினா நடுக்கம் வரும். ஆசை போனதும் மாத்திரையாலதான் இருக்கும். நெறைய பேருக்கு வாறது. யாரும் சொல்றது இல்லை."

இரத்தசோகையும் தைராய்டும் (கழுத்துச் சுரப்பி) சோதித்தார்கள்; குறை எதுவும் இல்லை. மாத்திரையின் அளவைக் குறைக்கலாம், வேறொன்றுக்கு மெதுவாக மாறலாம், இருவரும் சேர்ந்து ஆலோசனைக்கு வரலாம் என்றார். மாதவிடாய் நின்ற சிலருக்கு ஹோர்மோன் மருந்தும் உண்டாம். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. கடை லேகியம் வேண்டாம், எதையும் நானாக நிறுத்தவும் கூடாது என்றார்.

பிறகு கணவரை உள்ளே கூப்பிட்டார். "அவங்களுக்கு உங்களைப் பிடிக்கும். பிரச்சினை மருந்துதான்."

அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். நம்பினாரா என்றே தெரியவில்லை.

மாத்திரையை மாற்றினார்கள். காத்திருப்பதுதான் பெரிய அவஸ்தை. இன்றைக்கா, நாளைக்கா என்று உடம்பை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். தீபாவளி நெருங்கியது. அவர் தன் பயணப் பையைக் கழுவிக் காயப்போட்டார்.

ஒரு முற்பகல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். குளிருக்கு அவருடைய பழைய சட்டையைப் போட்டிருந்தேன். அதிலிருந்து அவர் வாசம் வந்தது. அடிவயிற்றில் மெல்ல ஒரு சூடு பரவியது. கை அப்படியே கொழுந்தில் நின்றுவிட்டது.

"என்னடி, பகல் கனவா?" என்றாள் பக்கத்துத் தேயிலை நிரையில் பறித்தவள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மரக்கட்டை என்று நான் ஏசிய உடம்பு, அதற்குத் தோன்றிய நேரத்தில் திரும்பியிருந்தது. எல்லா நாளும் அப்படி வருவதில்லை. இப்போது நானும் அதை விரட்டுவதில்லை. ஆனால் அன்றைய பகல் மட்டும் நகரவே மாட்டேன் என்றது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்தேன். அவர் இஸ்தோப்பில் தன் பாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அதச் சுருட்டி உள்ள கொண்டாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "டொக்டர் சொன்னாங்களா?"

"இல்லைங்க. நாந்தான் சொல்றேன்."